அரை அரிசி நீள விரிசல்

இன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், உங்கள் தம்பி, கல்யாணமாகி ஏழு மாதமான அவர் மனைவி. நடுவில் உங்கள் மோட்டார் சைக்கிள், பட்டாளத்தார் ஓட்டிக் கழித்தது. நீங்கள் போன பிறகு அதன் மேல் மூடிக் கிடந்த படங்கை இன்றுதான் எடுத்தோம். மண்ணெண்ணெய்த் துணியால் வண்டியின் கழுத்தைத் துடைத்தேன். அந்த வாடை எழுந்ததும், நீங்கள் பின்னால் நின்று "மெதுவா புள்ள, பெயிண்ட் போயிரும்" என்று சொல்லப்போவது போலத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

தம்பிக்கு றொசல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை. தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் போய்வர வேண்டும், எல்லாம் கல்ரோடு. வண்டியை இன்றே ஓட்டிப் போகத்தான் வந்தார்.

"விபூதி போட்டுப் பாக்காம தரமாட்டேன்" என்றேன்.

"வண்டிக்கும் நெத்தி இருக்கா அண்ணி?" என்று சிரித்தார்.

கைப்பிடி திரும்பும் குழாயும் என்ஜினை நோக்கி இறங்கும் குழாயும் சேரும் இடத்தைத்தான் நீங்கள் கழுத்து என்பீர்கள். அங்கே மண்ணெண்ணெய் பூசி, காயத் துடைத்து, விபூதி தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளையில் கறுப்பாகக் கோடு போடும். கால் மணி நேரத்தில் போட்டது. தம்பி பெருவிரலால் அதை அழித்துவிட்டு, "வெறும் அழுக்கு" என்றார். மறுபடி தூவினேன். மறுபடி அதே இடத்தில் கோடு.

"அழுக்குன்னா துடைச்சதோட போயிரும் தம்பி. இது திரும்பி வருது, பாருங்க."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. விபூதி டப்பாவில் வைத்திருக்கும் ஒற்றைக் கூப்பன் கடை அரிசி மணியை எடுத்துக் கோட்டை அளந்தேன். அரை அரிசி. அளவு மாறக்கூடாது என்று இத்தனை வருஷமும் அதே அரிசியை வைத்திருக்கிறேன். முதல்முறை நான் அதைக் கழுத்தில் வைத்து அளந்தபோது, "ஏம்புள்ள, வண்டிக்கு வாய்க்கரிசியா போடுற?" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் போட்ட அன்று அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் நோயில் படுத்த பிறகு நான் கழுத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன் வந்த கோடாகத்தான் இருக்க வேண்டும். நிற்கிற வண்டியில் விரிசல் வளராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

தம்பி மனைவி கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வித்தைய முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா தோணிச்சு" என்றேன். உங்களிடமும் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன். அது பொய்.

நடந்ததை எழுதுகிறேன். அந்த வருஷம் ஆயுத பூசைக்கு வண்டியை நான்தான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கழுத்தில் பட்டையாக விபூதி பூசி, பொட்டு வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் விபூதியின் குறுக்கே கறுப்புக் கோடு. முருகனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கெட்ட சகுனத்தை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் வேறு. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். இரண்டாம் நாளும் கோடு. மூன்றாம் நாளும் கோடு. மூன்று நாளும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் நாள் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு டயகம மேல் டிவிசனில் ஒரு பிரசவக் காய்ச்சலைப் பார்க்கப் போனீர்கள். இறங்கி வரும்போது கழுத்து பிளந்து, வண்டி தேயிலைக்குள் பாய்ந்தது. சாக்கில் கம்பு கோத்து உங்களைத் தூக்கி வந்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. வாசலில் வைத்ததும் நீங்கள் கேட்டது, "மருந்துப் பெட்டியில எத்தன போத்தல் உடைஞ்சிருக்கு, பாரு." அதற்குப் பிறகு உங்கள் இடது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. சட்டை போட நான் வேண்டியிருந்தது.

ஹட்டன் பட்டறையில் வெல்டிங் செய்யும் பாஸ் பழைய பிளவை அறுத்தெடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒட்டினார். என்ஜினைப் பிடிக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருந்ததால் ஆட்டம் முழுவதையும் கழுத்து வாங்கியிருக்கிறது என்றார். விபூதி தூவினால் விரிசல் தெரியும் என்று அப்போதுதான், சும்மா தோன்றியது போல, உங்களிடம் சொன்னேன். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் நீங்கள் ஒற்றைக் கையால் போல்ட்டுகளை முறுக்குவீர்கள், நான் விபூதி தூவுவேன். ஒருமுறை தகட்டின் ஓரத்தில் கோடு வந்து, ஒன்றரை அரிசி வரை வளர்ந்தது. அதன் நுனியில் பாஸ் சின்னதாக ஒரு துளை போட்டார். விரிசல் அந்தத் துளையோடு நின்றது.

வருகிறவர்களிடமெல்லாம் "என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சது" என்று பெருமையாகச் சொன்னீர்கள். கூடவே இதையும் சொல்வீர்கள்: "விரிசல் ஒரே நாள்ல விழறதில்ல. நமக்கு நாள் குடுத்துத்தான் விழுது." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தேத்தண்ணி ஊற்றப் போவது போல உள்ளே போய்விடுவேன். எனக்கு மூன்று நாள் கொடுத்தது.

விரிசல் கணக்கு எழுதிய கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் வரி, பாஸ் ஒட்டிக் கொடுத்த பிறகு எழுதியது. இன்று மத்தியானம் அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் எழுதினேன்: "ஆயுத பூசைக்கு மறுநாள். பார்த்தேன். துடைத்தேன். சொல்லவில்லை." அளவு போடவில்லை. அன்று அளக்கவில்லை.

தம்பி வண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை லொறியோடு இருவரும் வந்து, ஹட்டனுக்கு பாஸிடம் ஏற்றிப் போகிறார்கள். இனி சனிக்கிழமைகளில் விபூதி தூவப்போவது தம்பி மனைவிதான். டப்பாவையும் அரிசியையும் கொப்பியையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். அவளும் சாமி பக்தி உள்ளவள், பயந்தவள். கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் துடைத்துவிடக்கூடிய பிள்ளை. அதனால் அவளிடம் முழுவதையும் சொல்லப்போகிறேன். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவளுக்கு முதலில் சொல்ல மனம் ஒப்பவில்லை. அதற்காகத்தான் எழுதினேன்.

கோபமா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும். வியாழனுக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.