மூச்சு கலந்த புட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லிஸ் வணக்கத்துடன் எழுதுகிறேன். மூச்சுத் திணறல் குறைந்ததா? மாடிப்படி ஏறாமல் இருக்கிறீர்களா? நான் நலம். இந்தக் கிரீன்லாந்துக் குளிரில் மூக்கு நுனி மட்டும் உரிந்திருக்கிறது.

நேற்று ஒரு வேடிக்கை. வாராவாரம் இங்குள்ள காற்றைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். மூச்சை அடக்கிக்கொண்டு, காற்றுக்கு எதிரே நடந்து, புட்டியைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பிய பிறகுதான் மூச்சு விடலாம். நம் மூச்சு கலந்தால் புட்டி வீண். சுரங்கத்தில் முப்பது வருடம் தூசியை விழுங்கிய உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இதுவரை ஒன்றைக்கூட நான் கெடுத்ததில்லை. நேற்று கெடுத்தேன். திறந்த புட்டியின் மேல் என் மூச்சு ஆவியாய்ப் பறந்ததை எங்கள் தலைவர் யெப்பே பார்த்துவிட்டார்.

"என்னம்மா, உலகத்துலயே சுத்தமான காத்துல உன் காப்பி வாசனையைக் கலந்துட்டியே!"

"தும்மல் வந்துடுச்சு."

"தும்முனா கண்ணை எதுக்குத் துடைக்கிறே?" என்றவர், வேறு புட்டியைத் தானே எடுத்துப் போனார்.

நீங்கள் படியில் மயங்கி விழுந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றீர்களாமே. அத்தை சொல்லிவிட்டாள். நேற்றுக் காலைதான், புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் போனில் சொன்னாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் விமானம் இன்ஜினை நிறுத்தாமல் காத்திருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்கள் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் சத்தத்தையும் போனில் பதிந்து அனுப்புங்கள். வீட்டில் அதைத் திட்டிக்கொண்டே தூங்குவேன். இங்கே அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. அது ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

உங்கள் மகள்,
மார்லிஸ்