ஏழாவது துவக்கு

துவக்கு எண்ணெய் மணம் கையில் ஏறினால் மூன்று முறை சவர்க்காரம் போட்டாலும் போகாது. இன்று காலை உன் வேட்டைத் துவக்கைக் கடைசித் தடவையாகத் துடைத்துவிட்டு மேலே வந்து தோசையைப் பிய்த்து வாயில் வைத்தேன். சம்பலிலும் அதே மணம். கட்டின பாவத்துக்குச் சாந்தி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து வைத்தாள். என் ஆயுளில் தோசையைக் கரண்டியால் சாப்பிட்ட முதல் நாள் இன்றுதான், மச்சான். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் நக்கலடித்திருப்பாய்.

நீ போய் ஆறு வருடம். இன்று காலை வரைக்கும் உன் துவக்கு என்னிடம்தான் இருந்தது. லோறென்ஸ்கூக் வீட்டின் கீழ்த்தளத்தில், சீமெந்துச் சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள், அது தனியாக நின்றது. கூட நின்ற ஆறையும் ஒவ்வொன்றாக நான்தான் அனுப்பினேன். ஏன் என்று உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தொடக்கி வைத்தவனே நீதானே.

ஒரே டிப்போவில் இரண்டு பேரும் பஸ் ஓட்டினோம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் நோர்வேக்காரர் எல்லாரும் எல்க் மான் வேட்டை என்று ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுடைய ஓட்டமெல்லாம் எங்கள் தலையில் விழும். ஒரு வருடம் நீ சினந்துபோய், "நாங்களும் வேட்டைக்குப் போனா லீவு தருவாங்கள்தானே" என்றாய். பகிடி என்று நினைத்தேன். அடுத்த கிழமை வேட்டைக்காரர் பரீட்சைப் புத்தகத்தோடு சாப்பாட்டு அறையில் வந்து குந்தினாய். நாற்பது தாண்டிய இரண்டு பேர், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில், காட்டுக்கோழிகளின் நோர்வேஜியப் பெயர்களைப் பாடமாக்கினோம். நீ முதல் தரத்திலேயே பாஸ். நான் இரண்டாம் தரம். அதையும் நீ சாகும்வரை மறக்கவில்லை.

நீ இருந்த புருசெத்தில் எங்கள் சனத்துக்குள் கதை பரவியது. கோயிலில் ஒருவர் மறித்து, துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இங்கே வந்து துவக்கு வாங்கியிருக்கிறீர்களே என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. நீ சிரித்தாய். "அங்கை எல்லாரிட்டையும் துவக்கு இருந்தது அண்ணை, எங்களைத் தவிர" என்றாய். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு அப்பால் போனார்.

நீ ஒன்றோடு நின்றாய். எனக்குத்தான் பித்துப் பிடித்தது. வேட்டையை விட்டுவிட்டுப் பழைய துவக்குகளின் பின்னால் அலைந்தேன். யாரோ ஒரு கமக்காரனின் வீட்டுச் சாமான்களோடு வந்த இரட்டைக் குழல், பிடியில் பெயர் செதுக்கியது, ஒரு காலத்தில் படையில் இருந்து பிறகு வேட்டைக்கு மாறியது என்று ஆறு சேர்ந்தன. சாந்தி கீழே இறங்கி வருவதையே விட்டாள். ஒரு எல்க்கை நான் எத்தனை பக்கத்தால் சுடப்போகிறேன் என்று நீ கேட்பாய். உண்மையில் நான் ஒன்றையும் சுட்டதில்லை. நீ சுட்டதும் ஒன்றே ஒன்று. உன் பங்கு இறைச்சி வீட்டுக்கு வந்த அன்று கந்தசஷ்டி விரதம். உன் மனைவி மலர் வாசலிலேயே மறித்துவிட்டாள். ஆறு நாளும் அந்த இறைச்சி பல்கனியில் பனிக்குள் கிடந்தது. ஏழாம் நாள் அவள் வைத்த அந்தக் குழம்பையும் பிட்டையும் நினைத்தால் எனக்கு இப்போதும் பசிக்கிறது.

சட்டம் என்றால் உனக்குத் தனி மரியாதை. அலுமாரியைத் திறக்கும் இலக்கம், அனுமதி எடுத்தவனைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது, மனைவிக்கும் சொல்லக்கூடாது. நானும் சாந்திக்குச் சொன்னதில்லை. நீ இன்னும் ஒரு படி மேலே போனாய். ரவையைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டுகிற உருக்குத் துண்டைக் கழற்றி, ரவைகளோடு சேர்த்து இன்னொரு சின்ன இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தாய். அந்தத் துண்டு இல்லாவிட்டால் துவக்கு வெறும் குழாய். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் பூட்டு எதற்கு என்பாய். உன் அந்தக் கவனத்தால் மலர் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய்.

ஒரு மாசி மாதப் பகலில், மலர் முதியோர் இல்லத்தில் வேலையில் நின்ற நேரம், நீ சோபாவில் இருந்தபடியே போய்விட்டாய். தொலைக்காட்சியில் ஸ்கீ ஓட்டப் போட்டி போய்க்கொண்டிருந்ததாம். ஆட்கள் வந்து நிறைந்த பிறகும் அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

செத்த வீட்டு வேலையெல்லாம் ஓடியாடிச் செய்தேன். மண்டபம், ஐயர், சாப்பாடு, வெளிநாடுகளிலிருந்து வந்த உன் சகோதரங்களை ஏற்றி இறக்குவது என்று ஒன்றும் குறை வைக்கவில்லை. துவக்கு நினைவுக்கு வராமல் இல்லை. இரண்டாம் நாளே வந்தது. சாவுத் துடக்குக் காக்கிற வீட்டில், அழுதுகொண்டிருக்கிற மலரிடம், துவக்கு எங்கே என்று எப்படிக் கேட்பது? முப்பத்தொரு நாள்தானே, அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் விட்டேன். என் சீவியத்தில் செய்த பெரிய மடத்தனம் அதுதான்.

அந்த நாட்களுக்குள் பொலிசிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இறந்தவரின் பெயரில் ஒரு துவக்கு இருக்கிறது, வாரிசுகள் அதை விற்கலாம், பெயர் மாற்றலாம், ஒப்படைக்கலாம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பிறகு நான் வாசித்தேன். மலர் அதில் பொலிஸ், துவக்கு என்ற இரண்டு சொற்களை மட்டும்தான் கண்டாள். வேலையில் நாள் முழுக்க நோர்வேஜியத்தில் அறிக்கை எழுதுகிறவளுக்கு அன்றைக்கு அந்த மொழியே மறந்துபோனது. கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். மகளுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

அவளுடைய தமையனின் கதை உனக்குத் தெரியும். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் அவர்களுடைய வளவுக்குள் ஒரேயொரு வெற்று ரவைக்கோது கிடந்தது. யார் சுட்டதோ, எங்கிருந்து வந்து விழுந்ததோ. தமையனைக் கொண்டுபோனார்கள், ஆள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சந்தேகமாக எந்த இரும்பைக் கண்டாலும் அந்த வீட்டில் கிணற்றுக்குள் போட்டுவிடுவார்களாம்.

அலுமாரி இலக்கம் தெரியாத மலர் உன் திறப்புக்கோர்வையை எடுத்து அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் தமிழ்க்கடைப் பையொன்றில் போட்டு, மேலே கறிவேப்பிலையைப் பரப்பினாள். பட்டப்பகலில் ஆல்னா ஆறுவரை நடந்துபோய், பாலத்தில் நின்று, பையோடு உள்ளே விட்டுவிட்டு வந்தாள். அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபடி இதை என்னிடம் சொன்னாள். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"இஞ்சை கிணறு இல்லையே, அண்ணை."

அடுத்த நாள் அவளைப் பொலிசுக்குக் கூட்டிப் போக நானும் சாந்தியும் புருசெத்துக்குப் போனோம். வாசலில் ஒரு பையோடு நின்றாள். என்ன பை என்று சாந்தி திறந்து பார்த்தாள். பல்துலக்கி, துவாய், இரண்டு உடுப்பு, கம்பளிச் சால்வை, உன் படம் ஒன்று. வீட்டுத் திறப்பைச் சாந்தியின் கையில் வைத்து, பின்னேரத்தில் சாமிவிளக்கை மறக்காமல் ஏற்றச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே இருந்து அழ வேண்டும்போல் இருந்தது. அந்தக் கடிதம் வந்ததிலிருந்து, மச்சான். ஒவ்வொரு நாளும் அவள் பிடிபடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே உனக்குப் படையல் வைத்திருக்கிறாள்.

பொலிசில் இருந்த இளம்பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், இதற்காக ஒருவரும் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று இரண்டு தரம் சொன்னாள். ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டோம். வீடு வந்து சேரும்வரை மலர் அந்தப் பையை மடியில் இருந்து இறக்கவில்லை.

பூட்டுத் திறக்கிறவனைக் கூப்பிட்டு உன் அலுமாரியைத் திறந்தோம். துவக்கு புதுசுபோல இருந்தது. ஒப்படைத்தால் வெட்டி அழித்துவிடுவார்கள் என்று சொன்னேன். மலர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வெட்ட விடாதேங்கோ அண்ணை" என்றாள். உடனே என் பெயருக்கு மாற்ற எழுதிப்போட்டேன். ஆற்றோடு போன துண்டுக்குப் பதில் வேறொன்று தேடினேன். அந்த வகை இப்போது செய்வதில்லை, எதையாவது பொருத்தினாலும் முகத்தில் வெடிக்கும் என்று துவக்குத் திருத்துகிறவர் கையை விரித்தார். அப்படித்தான் ஒருக்காலும் சுட முடியாத உன் துவக்கு என் ஏழாவது ஆனது.

போன இலையுதிர் காலத்தில் எனக்கு நெஞ்சு மறித்தது. இரத்தக் குழாய்க்குள் இரண்டு சின்னக் குழாய் வைத்தார்கள். கண் விழித்தபோது சாந்தி கட்டிலருகே இருந்தாள். வீட்டுப் பத்திரத்தைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ கேட்பாள் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, அந்த அலுமாரியை நான் என்ன செய்யிறது? மலரைப்போலை பையோடை பொலிசுக்குப் போக என்னாலை ஏலாது."

அவள் அழவில்லை. பால் முடிந்துபோச்சு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். மாரிப்பனி கரைவதற்குள் எல்லாவற்றையும் காலி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன், மடையன். துவக்குக் கடைக்காரர் ஒவ்வொரு கிழமையும் என்னைப்போல ஒரு நரைத்த தலை வருகிறது என்றார். மகன்மாருக்கு வேண்டாம், மருமக்களுக்கு வேண்டாம். மூன்றை மட்டும் போனால் போகுது என்று எடுத்தார். அந்த இரட்டைக் குழலின் பிடியை நான் இரண்டு மாரிகாலம் தேய்த்து மினுக்கியிருந்தேன். அவர் அதைத் தோளில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மற்ற மூன்றும் பொலிசில் வெட்டுக்குப் போயின. ஒவ்வொரு முறையும் வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, சாந்தி கேட்காமலே, இன்னும் எத்தனை மிச்சம் என்று சொல்வேன். அவள் ம் என்பாள்.

உன்னுடையதுக்கு மட்டும் மனம் வரவில்லை. மலரிடம் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? போன ஞாயிறு புருசெத்துக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள். சுற்றி வளைத்து, இருமி, ஒருமாதிரிக் கேட்டு முடித்தேன். அவள் வாயைப் பிளந்தாள்.

"அண்ணை, அதை இன்னும் வைச்சிருக்கிறியளே? நான் எப்பவோ குடுத்திருப்பியள் எண்டெல்லோ நினைச்சன்."

வெட்ட வேண்டாம் என்று சொன்னது நீதானே பிள்ளை என்றேன். அன்றைக்கு நான் அந்தத் துவக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மினேனாம். பாவமாக இருந்ததாம், அதனால்தான் சொன்னாளாம். எனக்கு அப்படி அழுத நினைவே இல்லை. ஆறு வருடமாக அவளுக்காகக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை உன் துவக்கைச் சுற்ற ஒரு பழைய போர்வை தேடி, வாசல் அலுமாரியைத் திறந்தேன். பனிச்சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. பழைய உடுப்பு என்று நினைத்து இழுத்தேன். என் சாரம், என் பல்துலக்கி, என் பழைய கண்ணாடி, தொலைபேசிக்கு மின்னேற்றி, என் மாத்திரைகளின் பெயர்கள் சாந்தியின் கையெழுத்தில் ஒரு தாளில். எல்லாவற்றுக்கும் கீழே அவளுடைய சால்வையும் ஒரு பிஸ்கட் பெட்டியும்.

சாந்தி பின்னால் வந்து நின்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நீங்கள் ஆசுப்பத்திரியாலை வந்த அண்டையிலையிருந்து" என்றாள். பிறகு பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பொலிசுக்குத்தானே, நானும் வாறன். அங்கை நிண்டு நெஞ்சு ஏதும் செய்தா?" என்றாள்.

உன்னிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. மாரி முழுக்க ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு ஒரு பாரமும் வைக்காமல் போகப்போகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. அவள் அந்த மாரி முழுக்க அந்தப் பையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் இருமினால் வாசல் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு. துவக்கைக் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது, மச்சான். இந்தப் பையை ஆரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? நீ போனபோது மலரிடம் எதை விட்டுவிட்டுப் போகிறாய் என்று உனக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தும் ஒன்றும் செய்ய ஏலாது, அதுதான் விஷயம்.

பொலிசில் துவக்கின் ஒரு பகுதி இல்லையே என்றார்கள். ஆற்றில் இருக்கிறது, ஆறு வருடத்துக்கு முன்பே எழுதியாயிற்று என்றேன். தேடிப் பார்த்து ஓம் என்றார்கள். கையெழுத்து வைத்தேன். பழைய போர்வையை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

வெளியே வந்து கார் வரை நடந்தோம். வழி முழுக்கச் சறுக்கல். பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னவர், தாங்கோ என்று சாந்தி இரண்டு தரம் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவள் தோளிலிருந்து வாங்கிய பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.