ரோஸ் கலரில் நாலாம் நம்பர்

நவ. 2, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். மானம் போன நாள்.

எங்கள் நீலக்கொடி கால்பந்து கிளப்பில் சட்டை துவைக்கத் தனி ஆள் கிடையாது. பதினாலு சட்டை, பதினாலு வீடு. ஆட்டம் முடிந்ததும் அவரவர் நம்பரை வாங்கிவந்து, துவைத்து, மடித்து, அடுத்த ஆட்டத்துக்கு ரசிகர்களே கொண்டுபோகவேண்டும். தாத்தா காலத்தில் ஆரம்பித்த கிளப், அன்றிலிருந்து இதே வழக்கம். எங்கள் வீட்டுக்கு நாலாம் நம்பர். அப்பா போனபின் பத்தொன்பது வருஷமாக நான்.

நேற்று என் மனைவி சாந்தி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நானே மெஷினில் போட்டேன். உள்ளே மகள் நித்யாவின் புதுச் சிவப்புத் துப்பட்டா கிடந்திருக்கிறது. வெள்ளையில் நீலக்கோடு போட்ட சட்டை, ரோஸில் ஊதாக்கோடாக வெளியே வந்தது.

மாற்றுச் சட்டை ஏது? பாவம், டேவிட் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். எதிர் அணி ஆட்கள் ஒரே விசில்.

“அண்ணாத்தே, நாலாம் நம்பருக்கு இன்னிக்கு நலங்கா?”

எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஊட்டுக்காரம்மா பண்ண வேல,” என்றேன். சிரித்தார்கள். நானும்.

0–2. டேவிட் ஒரு கோலை நம் வலையிலேயே போட்டான். சட்டையைக் குறை சொல்ல முடியாது.

வெளியே வரும்போது மைதானக் கேட்டில் ஒரு நோட்டீஸ். இங்கிலீஷ். எல்லாரும் போட்டோ எடுத்தோம். ஒருவரும் படிக்கவில்லை.

நவ. 3, திங்கள்

பகல் ஷிப்ட். லேத்தில் பெல்ட் அறுந்தது. முதுகு வலி.

வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் நோட்டீஸைக் காட்டினேன். பி.காம் படிக்கிறாள், இதற்காவது பயன்படட்டும். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“அப்பா, கிரவுண்ட அடமானம் வச்சிருக்காங்க. மூணு வருஷமா கட்டல. மாசக் கடைசிக்குள்ள கட்டலன்னா அவங்க எடுத்துப்பாங்க.”

“யாரு எடுத்துப்பாங்க?”

“கடன் குடுத்த பைனான்ஸ்காரங்க.”

சொந்த மைதானம் இல்லாத கிளப்புக்கு லீகில் இடம் இல்லை. அது எனக்கே தெரியும், இங்கிலீஷ் வேண்டாம். அதாவது மைதானம் போனால் நீலக்கொடி அவ்வளவுதான்.

செயலாளர் தனபாலுக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். ஸ்விட்ச் ஆப். சேக்காட்டில் அவன் வீடு பூட்டு. வாசலில் ஒற்றைச் செருப்பு.

கடன் எதற்கு? லைட்டுக்காம். நாலு கம்பம் நட்டானே, அதற்கு. அதில் ஒன்று எரிகிறது, ஒன்று யோசிக்கிறது, மற்ற இரண்டில் காக்கா.

நவ. 5, புதன்

மழை. மேனாம்பேடு ரோட்டில் முட்டி அளவு தண்ணீர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளினேன்.

ரசிகர் குரூப்பில் இதுவரை வந்த யோசனைகள்:

– மந்திரியைப் பார்ப்பது (யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது)
– உண்டியல்
– உண்ணாவிரதம் (மதியம் வரைக்கும் என்றால் எட்டு பேர் தயார்)
– தனபாலைத் தேடிப் பிடித்து உதைப்பது (முப்பத்திரண்டு பேர் தயார்)
– கோல் போஸ்டுக்குப் பாலாபிஷேகம் (யார் சொன்னது என்று எழுதமாட்டேன். நான்தான்)

ஆட்டோ பாஸ்கர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்: “தனபால் ஒருத்தனா பண்ணிருக்க முடியாது மாமே. கூட எவனோ கையெழுத்து போட்ருக்கான். அவன் யாருன்னு தெர்ஞ்சா போதும், மவனே, கீது அவனுக்கு.”

நானும் கீழே கட்டைவிரல் போட்டேன்.

நவ. 6, வியாழன்

வக்கீல் ஒருவர் மூலம் பாஸ்கர் அடமானம் வைத்த தீர்மானத்தின் நகலை வாங்கிவிட்டான். குரூப்பில் போட்டான். ஒரு பக்கம், இங்கிலீஷ். வக்கீல் சொன்ன அர்த்தம்: ‘மைதானத்தை அடமானம் வைக்க உறுப்பினர்கள் சம்மதிக்கிறார்கள்.’ கீழே இரண்டு கையெழுத்து. முதலாவது தனபால். இரண்டாவதில் பேர் எழுதவில்லை, வெறும் கிறுக்கல். எறும்பு மையில் விழுந்து எழுந்து ஓடியதுபோல.

என்னுடையது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நாலு வருஷம் முன்பு கோப்பை ஜெயித்த அன்று மைதானத்தில் பிரியாணி. தனபால் ஒரு காகிதத்தோடு வந்தான். “முருகேசா, ரசிகருங்க சார்பா நீ ஒண்ணு போடு. வேற எவன் கீறான் இங்க, உன்ன மாதிரி?” கேஸ் சிலிண்டருக்கும் ரிப்போர்ட் கார்டுக்கும் தவிர என் கையெழுத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. கை கழுவிவிட்டு வந்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, வாயை அசைத்து, கடைசி வரை போனேன். “சரியாத்தான் கீது,” என்றேன். எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ். ஒரு வரிகூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே. அது என்ன காகிதம் என்று அவர்களுக்கும் தெரியாது, இப்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் இன்னொரு லெக் பீஸ் வைத்தார்கள். வாங்கித் தின்றேன்.

நித்யா என் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் ரிப்போர்ட் கார்டில் பார்த்த பெண். போனைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாள்.

நவ. 7, வெள்ளி

வெயில். முதுகு பரவாயில்லை.

ஞாயிறு கூட்டம். சொல்லிவிடவேண்டும். லேத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். ‘நண்பர்களே’ என்று ஆரம்பித்தால் ஓட்டுக் கேட்பதுபோல இருக்கிறது. ‘மன்னிச்சிருங்கப்பா’ என்றால் அதற்கு மேல் வாய் வரவில்லை. பக்கத்து மெஷின்காரர், “இன்னா அண்ணே, மந்திரமா?” என்றார்.

ரோஸ் சட்டைக் கதை எப்படியோ சாந்தி காதுக்குப் போய்விட்டது.

“நீ பண்ணிட்டு என் மேலயா போட்ட? நான் ஊர்லயே இல்ல!”

“சும்மா தமாசுக்கு...”

“தமாசுக்குன்னா உன் பேரச் சொல்றது.”

உப்பில்லாத ரசம். கேட்காமல் குடித்தேன்.

நவ. 9, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை. மைதானத்தில் கூட்டம், நாற்பது பேர் இருக்கும். வழக்கப்படி பதினாலு வீட்டுக்காரரும் சட்டையோடு வந்தோம். ஆட்டமே இல்லை, சட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பாஸ்கர் நகலைத் தூக்கிக் காட்டினான். “இந்த ரெண்டாவது கையெழுத்து யாருது? இப்பவே சொல்லிட்டா மரியாத.”

எழுந்துகொள்ள முழங்காலில் கை வைத்தேன். சத்தியமாக வைத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். “அப்ப துணைச் செயலாளர் யாரு? மோகன்தான? அவனத் தவிர எவன் போடுவான்?”

மோகன் என் கூட்டாளி. போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவன்.

“ஆமா மாமே, மோகனுதுதான்.” “செத்தவனப் போய் இன்னா கேக்கறது?” “அதான் துட்டு எங்க போச்சுன்னு தெரில. ஊட்டுக்கு மாடி எடுத்தான்ல?”

அந்த மாடி அவன் மனைவி செல்வி சீட்டுப் போட்டுக் கட்டியது. எனக்குத் தெரியும். சித்தாள் கூலியை மிச்சம் பிடிக்க செங்கல் சுமந்ததே நானும் மோகனும்தான்.

செல்வியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், ஒன்பதாம் நம்பர் மடியில். எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நடந்து வெளியே போனாள்.

என் முழங்காலில் வைத்த கை அங்கேயே இருந்தது.

கூட்டத்தில் ஒன்றும் முடிவாகவில்லை. மைதானம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவன் மேல் பழி விழுந்ததும் அத்தனை பேர் முகத்திலும் ஒரு தெளிவு. டீ வாங்கிக் குடித்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். குடித்தேன்.

கேட் அருகில் செல்வி நின்றிருந்தாள். எனக்காகத்தான்.

“அண்ணே, அவரு கூடவேதான சுத்திகினு இருந்தீங்க. எங்கிட்ட ஒண்ணையும் மறைக்க மாட்டாரு. அவரா போட்டாரு?”

“தெரிலமா.”

ஒன்பதாம் நம்பரை என் கையில் வைத்தாள். “இனிமே இத்த நீங்களே தொவச்சிக்குங்க. என் ஊட்ல வேணாம்.”

நவ. 10, திங்கள்

விடாத மழை. லீவு போட்டேன்.

ஒன்பதாம் நம்பரைக் கையாலேயே துவைத்தேன். பக்கெட்டில் வேறு துணி இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஹாலில் கயிறு கட்டி, ரோஸும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில்.

நித்யா வந்து இரண்டையும் பார்த்தாள்.

“இது செல்வி அத்த ஊட்டுது இல்ல?”

“ஆமா.”

“ஏன் இங்க கீது?”

மின்விசிறியைக் கூட்டி வைத்தேன், சட்டை காயட்டும் என்று. அப்புறம் காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள், குடை எடுக்காமல்.

நேற்று கேட் அருகில் செல்வியிடம் சொல்லாமல் விட்டது: “நான்தாம்மா போட்டேன். மோகனுக்கு அது தெரியவே தெரியாது.”