கல்லுக்குள் கடைசி அறை

டிரைவர் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. அம்மா நாலைந்து முறை சொல்லிக் கொடுத்தாள். எதுவும் என் வாயில் நிற்கவில்லை. குவாரியில் எல்லாரும் உங்களைக் கூப்பிடும் பெயரிலேயே தொடங்குகிறேன். போனில் நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறதாம். அதனால்தான் கடிதம்.

முதல் விஷயம், கல்லை நான் இன்னும் அறுக்கவில்லை. பேருந்து நிலையத்தில் பழைய துண்டில் சுற்றி என் கையில் வைத்து, "உன் பட்டறையில வைர பிளேடு இருக்காமே. நடுவுல அறுத்துடுப்பா. பாதி உன்கிட்ட இருக்கட்டும், பாதி எங்க வீட்ல இருக்கட்டும்" என்றீர்கள். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. வீட்டுப் படி மிதிக்காமலே உறவு வைத்துக்கொள்ள இதைவிட வசதியான வழி கிடையாது. அம்மா உங்களைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளில் நான் வரவில்லை. அதற்கு லீவு காரணமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

டிப்பரின் பின்பக்க இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் இந்தக் கல் சிக்கியிருந்தது, தெறித்தால் பின்னால் வருபவன் மண்டை போய்விடுமே என்று கடப்பாரையால் நெம்பி எடுத்தேன் என்றீர்கள். உண்மையைச் சொன்னால் நான் நம்பவில்லை. டிரைவர்கள் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள். அம்மாவுக்கு அது சுருண்ட பாம்பு, உங்கள் கிளீனருக்கு ஆட்டுக்கொம்பு. நான் பார்த்த மாத்திரத்தில் நத்தை என்று முடிவு கட்டினேன். பிறகு மேலே இலை விளிம்புபோல் நெளிந்து ஓடும் கோடுகளைப் பார்த்ததும், நத்தைகூட இல்லை, எவனோ செதுக்கி விற்ற போலி என்று தீர்ப்பை மாற்றினேன். நத்தை ஓட்டில் இலைக்கு என்ன வேலை?

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. படம் எடுக்காமல் எதையும் அறுக்கக் கூடாது. உள்ளே குழி எங்கே என்று தெரியாமல் பிளேடை விட்டால் பொருளும் போகும், விரலும் போகும். என் வேலையே அந்தப் படம் எடுப்பதுதான். ஆஸ்பத்திரியில் எலும்பைப் பார்ப்பதுபோல் இரும்பு வார்ப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். உள்ளே காற்றுக்குழி இருந்தால் கழிவு; உலைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் உங்கள் கல்லையும் மெஷினில் வைத்தேன்.

படம் காய்ந்ததும் அதை முதலில் எடுத்துப் பார்த்தவர் எங்கள் சூப்பர்வைசர். எதைக் கொடுத்தாலும் கழிவு என்று எழுதுகிற மனிதர். என்ன பொருள் என்றுகூடக் கேட்கவில்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டி, சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டார். அப்புறம் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா இதை வார்த்தது? தப்புன்னா முன்னபின்ன இருக்கணும். இது ஒண்ணைவிட ஒண்ணு பெருசா, வரிசை மாறாம போயிட்டே இருக்கு. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண மனுசனால முடியாதுடா."

நானும் எட்டிப் பார்த்தேன். சுருள் முழுக்க அறைகள். நடுவில் கடுகுபோல் தொடங்கி, வெளியே வர வர அகலமாகி, ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய சுவர்.

நத்தைக்குச் சுவர் கிடையாது. முழுக்க ஒரே கூடம். சுவர் வைத்த சுருள்களிலும் இரண்டு வகை உண்டு என்று புத்தகத்தில் பார்த்தேன். இன்றும் கடலில் இருக்கும் நாட்டிலஸுக்குச் சுவர் நெளியாமல் வழுவழுப்பாக இருக்கும், சுவர்களைத் துளைத்துப் போகும் குழாய் நடுவில் ஓடும். உங்கள் கல்லில் குழாய் வெளி விளிம்பை ஒட்டி ஓடுகிறது. நான் போலி என்ற இலைக்கோடுகள் செதுக்கியவை அல்ல. உள்சுவர்கள் நெளிந்து நெளிந்து வெளி ஓட்டைத் தொடும் இடங்கள். ஆகவே இது அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் வம்சம் அற்றுப்போய்விட்டது. நீங்கள் தினமும் வண்டியை இறக்குகிற அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பள்ளம் ஒரு காலத்தில் கடலடி. உங்கள் தலைக்கு மேலே இது மிதந்திருக்கிறது.

அம்மாவுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பிராணி எப்போதும் கடைசி அறையில்தான் குடியிருக்கும். வளர்ந்து இடம் போதாமல் போனால் முன்னே நகர்ந்து, பின்னால் சுவர் எழுப்பிவிடும். ஆனால் அந்த ஒரு குழாயை மட்டும் அறுத்துக்கொள்வதில்லை. பிறந்தபோது இருந்த முதல் அறை வரைக்கும் அது போகிறது. அதன் வழியாகப் பழைய அறைகளின் நீரை இழுத்து வெளியேற்றித்தான் மிதந்திருக்கிறது. அடைத்துவிட்டு வந்த அறைகள்தான் அதை மூழ்காமல் தாங்கியிருக்கின்றன. நான் மயிரிழை வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிறவன். வரைபடமும் அளவுகோலும் இல்லாமல் எலும்பில்லாத ஒரு பிராணி இப்படிக் கட்டியிருக்கிறது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய்ப்பக்கத்தில், சேறு நிறைந்த கடைசி அறையில், சூப்பர்வைசர் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அதற்குள் பயறு அளவுக்கு இன்னொரு சுருள் தெரியும். குட்டியா என்று அவர் கேட்டார். இல்லை. அது வேறு ஒன்று, வேறு இனம். பெரியது போன பிறகு காலியாகக் கிடந்த அறையில், அலை அடித்து வந்து ஒதுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் சேறு இறுகி, கடல் வற்றி, பாறையாகி, உங்கள் சக்கரத்தில் மாட்டும் வரைக்கும் இரண்டும் ஒரே கல்லாகத்தான் இருந்திருக்கின்றன. நடுவில் பிளேடை விட்டால் அது முதலில் தின்னப்போவது அந்தச் சின்னதைத்தான்.

அதனால் அறுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் இருமல் குறையவில்லை என்று அம்மா சொன்னாள். சுண்ணாம்புத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எந்த மாத்திரையும் அதை வெளியே எடுக்காது. முகமூடி வாங்கி இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். வண்டிக் கண்ணாடியில் தொங்கவிடாமல் முகத்தில் போடுங்கள். அம்மா முழங்கால் வலியை மறைப்பாள். படி ஏறும்போது அவள் முகத்தைப் பாருங்கள், வாயைக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எனக்காக நீங்கள் பின்னறையிலிருந்த டயர்களை எல்லாம் வெளியே எடுத்து, வெள்ளையடித்து வைத்திருப்பதாகப் போன மாதம் அம்மா சொன்னாள். அங்கே எனக்கு எதற்கு அறை என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். இந்தக் கல்லைப் பார்சலில் அனுப்ப எனக்குத் துணிவில்லை. அடுத்த விடுமுறையில் நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். நாலு நாள் தங்குவேன். அதுவரை டயர்களைத் திரும்ப உள்ளே அடுக்கிவிடாதீர்கள்.

வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
கல்லை முழுசாக வைத்திருப்பவன்