உங்கள் பெயர் எழுதிய குழாய்

பிஷ்கெக், சனிக்கிழமை

உங்களுக்கு,

நீங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் அத்தையே எடுத்துப் பேசிவிடுகிறார். அதனால் நீங்கள் வேலை செய்யும் நரின் சுரங்கத்துக்கு வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வயிற்றிலிருக்கும் நம் பிள்ளையின் செல்களுக்கு நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் நானே சாயமேற்றிப் பார்த்தேன். ஒரு சின்னக் குரோமோசோம் துண்டு கூடுதலாக இருக்கிறது. நலமாக இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அதே துண்டு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அது தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை கலைத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

சோதிக்க உங்கள் ரத்தம் வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். "ஏழு தலைமுறைப் பேரையும் தடுமாறாம சொல்ற குடும்பம்டி இது. கோளாறை உன் ரத்தத்துல தேடு" என்றார் அத்தை.

தேடினேன். அந்தத் துண்டு என்னிடம் இல்லை. அதை அவரிடம் சொன்னால், பழி உங்கள் குடும்பத்தின் மேல் விழுமென்று உங்களை ஊருக்கே வரவிட மாட்டார்.

உங்கள் ரத்தத்தின் செல்களை வளர்த்துப் பார்க்க மூன்று நாளாகும். திங்கட்கிழமை காலை, வீட்டுக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்கு வாருங்கள். வராவிட்டால், ரத்தம் எடுக்க உங்கள் பெயர் எழுதிய குழாயை வெள்ளிக்கிழமை காலியாகத்தான் டாக்டரிடம் நீட்டுவேன்.

உங்கள் மனைவி