பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி

சான் ரஃபேல், மெண்டோசா
ஆகஸ்ட் 12, 2021

அன்புள்ள தம்பி ஃபாபியானுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. உன் மகள் பரீட்சையில் தேறினாளா? ஒரு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா?

எங்கள் திராட்சைக் கூட்டுறவில் பனி எச்சரிக்கைக்கு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போடுகின்றன. புதிதாக வாங்கியவற்றில் இன்டெல் சிப் இல்லை, ஆர்ம் சிப். நீ புவெனஸ் அயர்ஸில் அந்தச் சிப்போடுதான் குடித்தனம் நடத்துகிறாய். அதனால் என் புரோகிராமை அதற்கு மாற்றும் வேலையை உனக்கே கொடுக்கச் சங்கத்தில் சொன்னேன்.

நான் சி மொழியில் எழுதி, பதினெட்டு வருஷமாக ஓடுகிறது. கொடி தளிர்விடும் அக்டோபர் வசந்தத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினால் சங்கு ஊதும். தளிர் கருகாமல் காற்றைச் சூடாக்க, எல்லாரும் ஓடிப்போய்த் தோட்டத்தில் டீசல் தகரங்களைக் கொளுத்துவார்கள். அவ்வளவு குளிருவதற்கு முன்னால் ஊதினால், "தூக்கத்தக் கெடுத்தியே மிர்த்தா!" என்று எனக்குத்தான் அர்ச்சனை.

அப்படியே புதுச் சிப்புக்குத் திரும்பக் கம்பைல் செய்தால் போதும்.

உன் அக்கா,
மிர்த்தா


புவெனஸ் அயர்ஸ்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மகள் தேறிவிட்டாள். அத்தையின் வாய் அவளுக்கும் வந்திருக்கிறது.

உன் புரோகிராமைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். தொல்பொருள் துறைக்கு அனுப்பலாம். ஆபீசில் பையன்களுக்குக் காட்டினேன். "இத எழுதினவங்க இன்னும் உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

சி மொழி, நீ கிணற்றில் விழப் போனாலும் "சரிம்மா" என்று வழிவிடும். ரஸ்ட் என்றொரு மொழி இருக்கிறது. வாசலிலேயே நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கும். சிப்பை மாற்றும்போது அந்தக் கேள்விகள்தான் காப்பாற்றும். மூன்று வாரம் கொடு, அதில் புதிதாக எழுதித் தருகிறேன்.

ஃபாபியான்


சான் ரஃபேல்
ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன் என்று உன் பையன்களுக்குச் சொல்.

முதலில் ஜாவா என்று குதித்தாய். பிறகு ரூபி. இப்போது ரஸ்ட். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். பக்கத்துத் தோட்டத்து எலியசெர், மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தவர், "புது மொழியா? அது பனிக்குப் புரியுமா தாயி?" என்றார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் புரையேறிவிட்டது.

ஒரு வரியைக்கூடத் தொடாதே. கம்பைல் செய், அனுப்பு. புத்திமதி நான் கேட்கும்போது சொல்.

மிர்த்தா


புவெனஸ் அயர்ஸ்
செப்டம்பர் 9

அக்கா,

அனுப்பிவிட்டேன். உன் உத்தரவுப்படி ஒரு வரியும் தொடவில்லை. என் மேஜையில் ஓட்டிப் பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி என்று சரியாகக் காட்டுகிறது. சந்தோஷம்தானே?

ஃபாபியான்


சான் ரஃபேல்
அக்டோபர் 16

தம்பி,

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பனி விழுந்தது. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. சங்கு ஊதவில்லை. எலியசெர் எழுந்து போய்ப் பார்த்தபோது தோட்டம் முழுக்கத் தளிர்கள் கருகித் தொங்கின. என்னிடம் வந்து, "சங்கு ஊதலையே தாயி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். குளிரின் அளவை வைக்கும் இடத்துக்கு, அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும் என்று சொல்லும் வார்த்தையை நான் எழுதவில்லை. இன்டெல்லில் எழுதாவிட்டாலும் அது தானாகப் புரிந்துகொள்ளும். ஆர்மில் புரிந்துகொள்ளாது, அங்கே கீழே மூன்று என்பது மேலே இருநூற்று ஐம்பத்துமூன்று. கொடியெல்லாம் அடுப்பில் வேகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. தப்பு என்னுடையது.

ஆனால் நேற்று நான் கம்பைல் செய்தபோது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது: "இந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது." அதாவது, சங்கு ஊதவே ஊதாது. உனக்கும் வந்திருக்குமே. பார்த்தாயா?

மிர்த்தா


புவெனஸ் அயர்ஸ்
அக்டோபர் 21

அக்கா,

பார்த்தேன்.

ஒரு வரியைத் தொடாதே என்றவள் நீ. புத்திமதி கேட்கும்போது சொல் என்றவளும் நீ. நீ கேட்கவில்லை. ஊரைக் கூட்டி வைத்து என் கடிதத்தைப் படித்துச் சிரித்தாய். முதல் பனியிலேயே யார் சொன்னது சரி என்று உனக்குத் தெரியவரும், அதுவரை இருக்கட்டும் என்று விட்டேன். இவ்வளவு சேதம் ஆகுமென்று நினைக்கவில்லை.

ரஸ்ட்டாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டவே விட்டிருக்காது. இப்போதாவது ஒப்புக்கொள்வாயா?

ஃபாபியான்


சான் ரஃபேல்
நவம்பர் 2

ஃபாபியான்,

ஒப்புக்கொள்கிறேன். மொழி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. ரஸ்ட்டில் எழுதித் தர மெண்டோசா நகரத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். கூட்டத்தில் எழுந்து நின்று, தப்பு செய்தது நான் என்று சொல்லிவிட்டேன். நீ பார்த்ததைச் சொல்லவில்லை. என் தம்பி அப்படிப்பட்டவன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நீ எச்சரித்திருந்தாலும் நான் கேலிதான் செய்திருப்பேன். என் வாய் அப்படி. அந்தக் கேலிக்குப் பயந்து பேசாமல் இருந்தாய் என்றால் மன்னித்திருப்பேன். நீ என்னை ஜெயிப்பதற்குப் பனி விழட்டும் என்று காத்திருந்தாய். தூ!

எலியசெருக்கு இந்த வருஷம் பறிக்க ஒரு குலைகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். வந்தால் அந்த மனுஷன் எப்போதும்போல "வாப்பா ஃபாபியான்" என்று உன்னைக் கட்டிக்கொள்வார். அதை என்னால் பார்க்க முடியாது.

மிர்த்தா