தாய்மாமன் கொண்டுபோன அழைப்பு

தேவாரம்
3 ஜூன் 2025

அன்புத் தங்கை கிருபாவதிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சினேகாக் குட்டியும் நலமா? பெரம்பலூர் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதா?

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. யார் யாருக்குப் பேசினார்கள் என்று எடுப்பது எவ்வளவு சுலபம் என்று ஒரு எஸ்.ஐ.க்குத் தெரியாதா?

விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். ஏலக்காய் மூட்டை காணோம் என்று ஒரு புகார். ராக்கப்பன் என்ற சுமைதூக்கியை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தோம். மறுநாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியிருக்கிறேன். என்னை ஆயுதப்படைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கேஸ் ஆனால் வேலையும் போகும், நானும் உள்ளே போவேன்.

முன்பெல்லாம் ஸ்டேஷனில் ஆள் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிப்பார். அவரும் கவர்மென்ட், நாங்களும் கவர்மென்ட். இப்போது மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டுமாம். வந்திருப்பது யார் தெரியுமா? உன்னோடு டிரெயினிங்கில் இருந்த நசீம்! உன் கல்யாணப் பந்தியில் அந்தப் பிள்ளைக்கு நான்தான் பாயசம் ஊற்றினேன். "எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லை" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீயும் மாஜிஸ்திரேட், அவளும் மாஜிஸ்திரேட். உன் பேச்சைத் தட்டுவாளா?

ஆவணியில் வீரபாண்டிக் கோயிலில் குட்டிக்குக் காது குத்து. தாய்மாமன் மடி தயாராக இருக்கிறது. தோடும் எடுத்தாயிற்று. அதற்குள் இந்தத் தலைவலியைத் தீர்த்துக்கொடு, ஆத்தா.

உன் அண்ணன்
மலைச்சாமி

பெரம்பலூர்
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நசீமிடம் நான் பேச மாட்டேன். அவள் என் சிநேகிதி என்பதால்தான் பேச மாட்டேன். உங்களிடம் லத்தி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. கலெக்டரிடம் ஆளும் கஜானாவும் இருக்கின்றன. எங்களிடம் என்னண்ணே இருக்கிறது? மேடையில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் வேண்டப்பட்டவர் இல்லை என்று ஜனங்கள் நம்புகிறார்களே, அது ஒன்றுதான். அதையும் எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டால் ராக்கப்பன் பெண்டாட்டி எங்கே போய் நிற்பாள்?

ரிமாண்டுக்குக் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்கிறேன். பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இல்லம்மா" என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் போலீஸ்காரர் இடத்தில் நான் உங்களை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தினமும் நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

ராக்கப்பன் நிஜமாகவே வழுக்கித்தான் விழுந்தாரா? வேண்டாம், எனக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால், தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. நல்ல வக்கீலாகப் பாருங்கள். அண்ணியைத் தனியாக விடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
கிருபா

தேவாரம்
24 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

பெரிய மனுஷி ஆகிவிட்டாய். சரி, உன் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

காதுகுத்துக்கு அழைப்பு வைப்பது தாய்மாமன் உரிமை. அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கம்பத்துத் திராட்சை, பத்திரிகை. சத்தியமாக வேறொன்றும் வைக்கவில்லை. நசீம் மேடம் குவார்ட்டர்ஸுக்குப் போய் "தங்கச்சி கிருபா அனுப்புச்சு. குடும்பத்தோட வந்துருங்கம்மா" என்றேன். கேஸைப் பற்றி மூச்சு விடவில்லை. உன் பேர் காதில் விழுந்தால் போதாதா? அவளோ வாசலைவிட்டு நகரவில்லை. தட்டையும் தொடவில்லை. "நீங்க போங்க சார்" என்றாள். கூச்சமாக இருக்கும், விடு.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ராக்கப்பன் பெண்டாட்டி ஜக்கம்மா பிடித்துக்கொண்டாள். "ஏலே மலைச்சாமி, ஒந் தங்கச்சியும் ஜட்ஜாமே! அங்கனயே பேசி முடிச்சுக்கிருவீகளோ?" என்று ஊரே பார்க்கக் கத்துகிறாள். என்னை ஏலே என்கிறாள், பார். போன மாதம் வரை என்னைக் கண்டால் ரோட்டைவிட்டு இறங்கி நின்றவள்தான்.

அண்ணன்
மலைச்சாமி

பெரம்பலூர்
2 ஜூலை 2025

அண்ணே,

என்ன காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறீர்கள்!

நீங்கள் தன் வீட்டுக்கு வந்ததை நசீம் அன்றைக்கே மாவட்ட நீதிபதிக்கு எழுதிவிட்டாள். விசாரணையிலிருந்தும் விலகிவிட்டாள். இனி வேறொருவர் முதலிலிருந்து தொடங்குவார். புருஷன் உடம்பில் எங்கெங்கே என்னென்ன பார்த்தாள் என்று ஜக்கம்மா மறுபடியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் வெற்றிலைத் தட்டால் அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நசீமிடம் பேசச் சொல்லி நீங்கள் என்னைக் கேட்டதையும் மறைக்கவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். எனக்கே அப்படித்தான் இருக்கிறது. லா காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்ற அப்பாவோடு எனக்காகச் சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவர் நீங்கள். அதை நினைத்து நினைத்து அழுதுகொண்டேதான் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை முடியும்வரை எழுதாதீர்கள். காதுகுத்துக்கும் வர வேண்டாம். இதை எழுத எனக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

கிருபா

தேவாரம்
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். விசாரணை முடிந்துவிட்டது.

புது மாஜிஸ்திரேட் வயசில் சின்னவர். எடுத்ததுமே "நசீம் மேடம் வீட்டுக்கு உங்களை யார் அனுப்பினது?" என்று கேட்டார். தங்கச்சிதான் அனுப்பினாள் என்று சொல்லிவிடுங்கள், பாதி உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று வக்கீல் சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தார். நானும் தலையை ஆட்டியிருந்தேன். கூண்டில் ஏறியதும் அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. "எந் தங்கச்சி அனுப்பலைங்கய்யா. அவக வேணாம்னுதான் சொன்னாக. நானாப் போனேன்" என்றேன். தூக்கி வளர்த்த பிள்ளையை அவக என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னால் எதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ராக்கப்பன் வழுக்கி விழவில்லை, கிருபா. அடிக்கச் சொன்னவன் நான். நாலு தட்டுத் தட்டினால் மூட்டை வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். போதும் சார் என்று ஏட்டு சொன்ன பிறகும் இன்னும் கேளுங்கடா என்றேன். அவன் மூட்டையை எடுக்கவே இல்லை. அது எஸ்டேட் குடோனிலேயே இருந்தது. ஜக்கம்மாவும் அங்கே இருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

நாளைக்கு என்னைக் கைது செய்வார்கள். ஜாமீனுக்கு யாரிடமும் போய் நிற்காதே. நீ நிற்க மாட்டாய், தெரியும். ஜெயிலுக்கு வந்து பார்க்கவும் வேண்டாம். உன்னை மேடம் என்று கும்பிடுகிற போலீஸ்காரர்கள் முன்னால் நான் கம்பிக்குள் நிற்பதை நீ பார்க்கக் கூடாது.

காதுகுத்தைத் தள்ளிப் போடாதே. தோட்டை உன் அண்ணி கொண்டுவருவாள். பெரியப்பா மகன் சங்கிலியும் உனக்கு அண்ணன் முறைதானே, பிள்ளையை அவன் மடியில் உட்கார வைத்துக்கொள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை, ஆத்தா.

மலைச்சாமி